கான்கிரீட் கலவையில் துருத்தடுப்பு அட்மிக்ஸர் (சேர்பொருள்) சேர்த்த பிறகு, குளோரைடு ஊடுருவல் சோதனையில் கூலம் (மின்னூட்ட அலகு) அளவு கூடிவிட்டது. கான்கிரீட் மோசமாகிவிட்டதா?

அந்த ஓர் எண்ணை வைத்துக் கலவையைத் தள்ளிவிடாதீர்கள். முதலில், அந்த அட்மிக்ஸர் கால்சியம் நைட்ரைட்டா என்று பாருங்கள்.

நான் பினாங்கில், பிறைப் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதில், படகுத்துறை ஒன்றுக்கான கலவையை நிராகரிக்கலாம் என்று அறிக்கை எழுதிவிட்டேன். மூத்த பொறியாளர் கையெழுத்துப் போடாமல், "இதில் நைட்ரைட் இருக்கிறதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டில் எவ்வளவு எளிதாக நுழையும் என்று பார்ப்பதுதான் ஏ.எஸ்.டி.எம். சி1202 என்ற அமெரிக்கத் தரத்தின் குளோரைடு ஊடுருவல் சோதனை. அதில் 50 மி.மீ. தடிமனுள்ள கான்கிரீட் வில்லையின் ஒரு பக்கம் உப்புக் கரைசல், மறுபக்கம் சோடியம் ஹைட்ராக்சைடு வைத்து, 6 மணி நேரம் 60 வோல்ட் கொடுக்கிறோம். கடந்த மின்னூட்டம் 4000 கூலத்துக்கு மேல் போனால் ஊடுருவல் அதிகம், 1000க்குக் கீழே என்றால் மிகக் குறைவு என்பது கணக்கு. ஆனால் பெயரில் குளோரைடு இருந்தாலும் அளப்பது மின்சாரத்தை. நுண்துளை நீரில் உள்ள எல்லா அயனிகளும் அதைச் சுமக்கும், நைட்ரைட்டும் சுமக்கும். குளோரைடு கூடுதலாக நுழையாமலேயே எண் ஏறிவிடும். இந்த எச்சரிக்கை அந்தத் தர ஆவணத்திலேயே இருக்கிறது. சிலிகா ஃபியூம் என்ற மிக நுண்ணிய தூளைக் கலந்தால் இதற்கு நேர்மாறு: துளைகளை அது நெருக்குவது உண்மைதான், ஆனால் துளை நீரின் மின்கடத்தலையும் குறைப்பதால் எண் அளவுக்கு மீறி அழகாகத் தெரியும்.

அதற்காக எல்லாப் பழியையும் நைட்ரைட் மேல் போட்டுவிடவும் கூடாது. அது கம்பியைக் காக்குமே தவிர, உப்பு நுழைவதைத் தடுக்காது. அதே கலவையை நைட்ரைட் இல்லாமல் வார்த்துச் சோதியுங்கள். அதிலும் எண் அதிகம் என்றால் நீர்-சிமெண்ட் விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். சிமெண்டோடு நிலக்கரிச் சாம்பலோ இரும்பு உலைக் கசடோ கலந்திருந்தால் 28 நாளில் தீர்ப்பு சொல்லாதீர்கள்; 56 நாள் வரை ஈரத்தில் வைத்துச் சோதியுங்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது என்.டி. பில்ட் 492 என்ற நார்டிக் நாடுகளின் சோதனை முறை. மின்னழுத்தம் கொடுத்த பிறகு வில்லையைப் பிளந்து வெள்ளி நைட்ரேட் தெளித்தால், குளோரைடு எட்டிய இடம் வெளுத்துவிடும். அந்த ஆழத்தை அளவுகோல் வைத்தே அளக்கலாம். 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், தூண்களில் அலை ஏறி இறங்கும் அந்தப் பகுதியைத்தான் என் கண் தேடும். உப்பு முதலில் வேலையைக் காட்டுவது அங்கேதான். உங்களுடையதும் கடலோர வேலை என்றால், இரண்டு சோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். அட்மிக்ஸரின் பெயர், அளவு, வில்லையின் வயது மூன்றையும் அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள்.