ராத்திரி ஊட்டுவதை நிறுத்துங்கள்

செவ்வாய்ப்பேட்டை வாசகி ஒருவர் எழுதுகிறார்: "மகனுக்கு 8 வயது, ஆட்டிசம். தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் கூட இருக்கும் உதவியாளருக்கு நாங்களே மாதம் 8,000 ரூபாய் தருகிறோம். முன்பு இருந்தவர் ஒட்டி உட்கார்ந்து நோட்டு முழுக்க எழுத வைப்பார். இப்போதுள்ள பெண் இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நோட்டில் பாதி காலி. டிபன் பாக்ஸைக்கூட அவனே திறந்து சாப்பிட வேண்டுமாம். ராத்திரி நான் ஊட்டினால்தான் அவன் வயிறு நிறைகிறது. கணவருக்குக் கொலுசுப் பட்டறையில் ஓயாத வேலை. இந்தப் பெண்ணை நிறுத்திவிடலாமா?"

நிறுத்தக் கூடாது. நிறுத்த வேண்டியது ராத்திரி நீங்கள் ஊட்டுவதை.

மத்தியானம் தானே சாப்பிடுகிற பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கை வராமல் போய்விடுமா? அம்மா இருந்தால் கையை நீட்ட வேண்டாம் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பழக்கியது நீங்கள்தான். ஒரு பெண் பகலெல்லாம் பொறுமையாகக் கட்டுவதைத் தினமும் ராத்திரி அவிழ்த்துவிட்டு, அவர் சும்மா இருக்கிறார் என்கிறீர்கள்.

டிபன் பாக்ஸ் திறப்பது ஒரே வேலை இல்லை. பை ஜிப்பை இழுக்க வேண்டும், பாக்ஸை எடுக்க வேண்டும், கிளிப்பை நெம்ப வேண்டும், மூடியைத் தூக்க வேண்டும். தொழில் தெரிந்த உதவியாளர் இதைக் கடைசியிலிருந்து பழக்குவார். முதல் மூன்றையும் தானே செய்து, மூடியைத் தூக்குவதை மட்டும் பிள்ளைக்கு விடுவார். அது படிந்ததும் கிளிப், பிறகு பாக்ஸை எடுப்பது. எந்த நாளும் வேலையை முடிப்பது பிள்ளை. முடித்த கையோடு சோறு கிடைக்கிறது. அதனால் மறுநாளும் கை தானாகப் போகும்.

உதவியும் படிப்படியாகக் குறைய வேண்டும். முதலில் கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, பிறகு முழங்கையில் லேசான தொடுதல், பிறகு விரலால் காட்டுவது, கடைசியில் எட்ட இருந்து பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் உதவும் முன் ஐந்து விநாடியாவது பேசாமல் காத்திருக்க வேண்டும். "எடு, திற, சாப்பிடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பிள்ளை அந்தச் சொல்லுக்காகவே காத்திருக்கப் பழகிவிடும். பிடித்த கையை விடுவது எளிது, வாய்ச் சொல்லை விலக்குவதுதான் கடினம்.

முன்பு இருந்தவர் நிரப்பிய நோட்டில் எத்தனை வரி உங்கள் மகனுடையது? பெரியவர் ஒருவர் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தால் டீச்சர் அவரிடம்தான் பேசுவார், பக்கத்துப் பையன் ரப்பர் கேட்கக்கூட வரமாட்டான். இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தவர் அந்த இடத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்.

காலிப் பக்கங்களை அப்படியே விடவும் கூடாது. ஆனால் அதற்குப் பொறுப்பு வகுப்பு டீச்சரும் சிறப்புப் பயிற்றுநரும். போர்டைப் பார்த்து எழுதுவது சிரமமா என்று கேளுங்கள். சிரமம் என்றால் அதே பாடத்தை ஒரு தாளில் எழுதி அவன் மேசையில் வைக்கலாம். பத்து வரிக்குப் பதில் மூன்று போதும். எதை எவ்வளவு உதவியோடு செய்தான் என்று உதவியாளர் தினமும் நாலு வரி எழுதித் தரட்டும். அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

பள்ளி ஏன் இந்தச் செலவை முழுக்க உங்கள் தலையில் வைத்தது என்றும் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-வது பிரிவு, பிள்ளைக்குத் தேவையான தனி ஆதரவைப் பற்றிப் பேசுகிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் அதில் அடக்கம்.

உங்கள் கணவருக்கு ஒன்று. கொலுசுக்கு ஒவ்வொரு சலங்கையாகப் பொறுமையோடு பற்றவைக்கிற தொழிலில் இருப்பவர், மகன் ஒரு இட்லியைத் தானே தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார முடியாதா? சம்பளம் கொடுப்பதோடு தகப்பன் கடமை தீராது. வாரம் இரண்டு ராத்திரியாவது அவர் பட்டறையைச் சீக்கிரம் மூடட்டும்.

நாளை அந்தப் பெண்ணிடம், இட்லியை எந்தப் படியிலிருந்து பழக்கலாம் என்று கேட்டு வாருங்கள். ராத்திரி தட்டை வைத்துவிட்டு உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் சிந்தும். கீழே ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள்.