எழுபது சதவீதம் என்றால் என்ன? கோத்தகிரியிலிருந்து சில பதில்கள்

லண்டனில் ஒரு பந்தய நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் கால்பந்து ஆட்டங்களுக்கு விலை கணிக்கும் தரவு அறிவியலாளனாக வேலை பார்த்தேன். இப்போது கோத்தகிரி வீட்டிலிருந்தே கால்பந்து அணிகளுக்காக முன்கணிப்புச் செய்கிறேன். மலையில் இருக்கும் நண்பர்களும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தம்பி, 70 சதவீதம் வெல்லும் என்று நீங்கள் சொன்ன அணி தோற்றுவிட்டதே. கணக்கு தப்பா? (சிறு தேயிலை விவசாயி, கட்டபெட்டு)

ஓர் ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது அண்ணா. 70 சதவீதம் என்று நான் சொன்ன நூறு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதை ஒட்டி வென்றிருந்தால் என் கணக்கு சரி. தொண்ணூறு வென்றிருந்தாலும் அது என் பிழைதான். உறைபனி விழலாம் என்று கேட்டு இளஞ்செடிகளை மூடுகிறீர்கள். அன்றிரவு விழவில்லை என்பதற்காக மறுநாள் மூடாமல் விடுவீர்களா?

நாங்கள் மதிப்பெண் போடும் முறையே வானிலைக்காரர்களிடமிருந்து வந்ததுதான். 1950இல் கிளென் பிரையர் என்ற வானிலையாளர் வகுத்தது. வென்றால் 1, தோற்றால் 0 என்று வைத்து, சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்க வேண்டும். 0.7 என்று சொல்லி வென்றால் 0.09, தோற்றால் 0.49. சராசரி குறையக் குறைய நல்லது. எல்லா ஆட்டத்துக்கும் பாதிக்குப் பாதி என்று சொல்பவருக்கு 0.25 கிடைக்கும். நான் அதைத் தாண்டினால் எனக்குச் சம்பளம் கொடுப்பது வீண்.

கணக்கு தெரிந்தவர் பந்தயம் கட்டியே சம்பாதிக்கலாமே? (குன்னூர்)

நாணயம் சுண்டுவதற்குப் பந்தய நிறுவனம் 1.90 விலை தருகிறது, அதாவது நூறு கட்டி வென்றால் 190 திரும்பும் என்று வையுங்கள். பூவுக்கு நூறு, தலைக்கு நூறு கட்டினால் 200 ரூபாய் போய் 190 திரும்பி வரும். யார் வென்றாலும் பத்து ரூபாய் அவர்களுக்கு. இந்த ஐந்து சதவீதத்தைத் தாண்டும் அளவுக்கு உங்கள் கணிப்பு சந்தையை விடத் துல்லியமாக இருந்தால்தான் லாபம்.

அப்படித் தாண்டியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். தொடர்ந்து வெல்பவரின் கட்டுத்தொகையைச் சில ரூபாய்க்குக் குறைத்துவிடுவார்கள். தொடர்ந்து தோற்பவருக்குச் சலுகை மேல் சலுகை வரும். அவர் யார், இவர் யார் என்று பிரித்துக் காட்டும் நிரலில் என் கையும் இருந்தது. அந்த வேலையை விட்டதற்கு அதுவே காரணம்.

ஊட்டி குதிரைப் பந்தயத்தைக் கணிக்க ஒரு கணித மாதிரி எழுத முடியுமா?

எழுதலாம், ஆனால் பலவீனமாக இருக்கும். கோடையில் சில வாரங்கள் மட்டுமே நடந்த பந்தயம் அது. 2,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் ஓடிய தரவு மிகக் குறைவு. அந்த நிலத்தையும் 2024 ஜூனில் அரசு மீட்டுக்கொண்டது. குதிரைக் கணிப்பைக் கற்க விரும்பினால் ஹாங்காங்கைப் பாருங்கள். அங்கே கணினிக் கணிப்பால் பந்தயம் கட்டி வென்ற பில் பென்டர் என்பவர் தன் மாதிரியை மட்டும் நம்பவில்லை. பொதுமக்கள் கட்டிய பணத்தால் உருவான விலையையும் அதனுடன் சேர்த்தார். கூட்டத்தின் விலையில் நமக்குத் தெரியாத செய்தி ஒளிந்திருக்கிறது.

மகன் கிரிக்கெட் செயலியில் பணம் இழந்துவிட்டான். விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்துகிறேன் என்கிறான். (ஒரு தாய், உதகை)

அம்மா, அவன் விட்டதை அடுத்த ஆட்டம் அறியாது. ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் நிறுவனத்தின் பங்கு கழியும். தொகையைக் கூட்டினால் கழிவும் கூடும். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடை செய்கிறது. இன்னும் ஏதோ செயலியில் கட்டுகிறான் என்றால் அது சட்டத்துக்கு வெளியே நடப்பது. வென்றாலும் பணம் கைக்கு வரும் என்று நம்ப முடியாது. திட்டாதீர்கள். கடன் யார் யாரிடம், எவ்வளவு என்று அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இன்றே அழையுங்கள்.

நீங்கள் செய்த பெரிய தவறு? (ஓய்வு பெற்ற ஆசிரியர், அரவேணு)

ஐயா, முதல் ஆண்டில் ஒரு மாதிரி எழுதினேன். பழைய ஆட்டங்களில் வைத்துச் சோதித்தால் அபாரமாகக் கணித்தது. உண்மையான ஆட்டங்களில் மூன்றே வாரத்தில் சரிந்தது. தேடிப் பார்த்தால், நவம்பர் மாத ஆட்டத்தைக் கணிக்க, அதற்கு அடுத்த மே மாதத்தில் முடிந்த புள்ளிப் பட்டியலைக் கொடுத்திருந்தேன். விடைத்தாளைப் பார்த்து எழுதிய மாணவன் போல. அன்று முதல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: ஆட்டம் தொடங்குமுன் இது எனக்குத் தெரிந்திருக்குமா?

மழைக்காலத்தில் மின்சாரம் போனால்?

மின்கல இன்வெர்ட்டரும், இரண்டு நிறுவனங்களின் இணைய இணைப்பும் இருக்கின்றன. ஐரோப்பிய ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவில்; தூக்கம்தான் பெரிய சிக்கல்.

அண்ணா, நான் புள்ளியியல் படிக்கிறேன். எங்கே தொடங்குவது? (மாணவி, உதகை)

கிரிக்ஷீட் தளத்தில் பந்துக்குப் பந்து கிரிக்கெட் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தான் நிரல்மொழியையும், தரவைத் தேடி எடுக்கும் எஸ்கியூஎல் மொழியையும் அதிலேயே பழகலாம். முதலில் எளிய ஈலோ தரவரிசை ஒன்றை எழுது; வென்றால் புள்ளி கூடும், தோற்றால் குறையும். சதுரங்கத்துக்காக வந்தது, இரு அணி மோதும் எந்த விளையாட்டுக்கும் பொருந்தும். பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முந்தைய நாளே உன் சதவீதத்தைத் தேதியிட்டு நோட்டில் மையால் எழுது, திருத்தாதே. காசு கட்டாதே. நூறு ஆட்டம் சேர்ந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்கு வா, பிரையர் மதிப்பெண்ணைச் சேர்ந்து கணக்கிடுவோம்.