ஆம்பர் நிறத் திரைகள்: இ.எல். பேனல் பற்றி வந்த கேள்விகள்

பழைய அளவீட்டுக் கருவி ஒன்றில் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒளிரும் திரை இருக்கிறது. பிளாஸ்மாவா, எல்.இ.டி.யா?

பெரும்பாலும் இரண்டுமே இல்லை. நியான் பிளாஸ்மா என்றால் நிறம் இன்னும் சிவப்பு பக்கம் சாய்ந்திருக்கும். நீங்கள் சொல்லும் தேன் நிறம் மென்படல மின்னொளிர்வு பேனலுடையது, சுருக்கமாக இ.எல். பேனல். அடிப்படையில் அது ஒளிரக்கூடிய ஒரு கெப்பாசிட்டர் (இரு மின்முனைகளுக்கு நடுவே இன்சுலேட்டர் வைத்து மின்னூட்டத்தைத் தேக்கும் அமைப்பு), இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். கண்ணாடியின் மேல் ஒளி ஊடுருவும் மின்முனைக் கோடுகள், அதன் மேல் ஒரு இன்சுலேட்டர், அப்புறம் மாங்கனீசு சிறிதளவு கலந்த துத்தநாக சல்ஃபைடு, மறுபடியும் ஒரு இன்சுலேட்டர், கடைசியில் குறுக்காக ஓடும் அலுமினியக் கோடுகள். ஒளி தரும் அந்த நடு அடுக்கின் தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். உள்ளே வாயுவும் இல்லை, திரவமும் இல்லை, எல்லாமே திடப்பொருள். 1982-இல் வந்த கிரிட் காம்பஸ் மடிக்கணினியில் இருந்ததும் இதே வகைத் திரைதான், 320க்கு 240 புள்ளிகள்.

பேட்டரியை நேராக இணைத்தால் ஏன் எரிவதில்லை? எதற்காக 200 வோல்ட்?

இந்த வாரம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. இரண்டு பக்கமும் இன்சுலேட்டர் இருப்பதால் மின்சாரம் இதன் வழியாகத் தொடர்ந்து ஓட வழியே கிடையாது. 200 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் இவ்வளவு மெல்லிய அடுக்குகளின் மேல் விழும்போது மின்புலம் சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட்டைத் தாண்டிவிடும், அந்த நிலையில் இன்சுலேட்டரும் சல்ஃபைடும் சேரும் எல்லையில் சிக்கிக் கிடக்கும் எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பி, வேகமெடுத்து, வழியில் இருக்கும் மாங்கனீசு அயனிகளை மோதிக் கிளர்த்தும். அந்த மாங்கனீசு பழைய நிலைக்குத் திரும்பும்போது விடுவதுதான் நாம் பார்க்கும் ஒளி. ஓடிய எலக்ட்ரான்கள் எதிர்ப்பக்க எல்லையில் போய்ச் சிக்கிக்கொள்ளும், அதோடு கதை முடிந்தது. அவற்றைத் திரும்ப ஓட வைக்க மின்னழுத்தத்தின் திசையைத் திருப்ப வேண்டும். அதனால்தான் இதற்கு ஏசி தேவை. டிசி கொடுத்தால் ஒரு முறை மின்னும், பிறகு இருட்டு.

இதில் இன்னொரு அழகும் உண்டு. ஒரு குறிப்பிட்ட வோல்ட்டேஜ் வரும் வரை ஒளி ஏறக்குறைய இல்லை, அதைத் தாண்டியதும் சட்டென்று செங்குத்தாக ஏறும். அதனால் ஒரு வரிசைக்கும் ஒரு நெடுவரிசைக்கும் வோல்ட்டேஜைப் பிரித்துக் கொடுத்தால் அவை சந்திக்கும் புள்ளி மட்டும் எரியும், பக்கத்துப் புள்ளிகளுக்குப் பாதி வோல்ட்டேஜ் போனாலும் அவை இருட்டாகவே இருக்கும். புள்ளிக்கு ஒரு டிரான்சிஸ்டர் வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது இதனால்தான்.

கைக்கடிகாரத்தில் பட்டனை அழுத்தினால் வரும் நீலப்பச்சை வெளிச்சமும் இதேதானா?

சொந்தம்தான், ஆனால் வேறு கிளை. அது தூள் வகை: ஃபாஸ்பர், அதாவது ஒளிரும் பொருளின் தூளைப் பசையில் கலந்து பூசியது. 1936-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ கண்டறிந்த வழியில் வந்தது. ஈரம் பட்டாலும் தொடர்ந்து எரிய விட்டாலும் சீக்கிரம் மங்கிவிடும். இ.எல். பேனலுக்கு ஆயுள் குறைவு என்று பலர் சொல்வது இந்தத் தூள் விளக்குகளை வைத்துத்தான், மென்படலத்துக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் பொருந்தாது. 1974-இல் ஷார்ப் நிறுவனத்தின் இனோகுச்சி குழு இரட்டை இன்சுலேட்டர் அமைப்பைக் காட்டிய பிறகு அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

ஏன் எப்போதும் மஞ்சள்? வண்ணத் திரை வரவே இல்லையா?

மாங்கனீசு தரும் ஒளி 580 நானோமீட்டரை ஒட்டியது, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடம். ஒளித்திறனிலும் உறுதியிலும் அதற்கு ஈடான வேறு ஃபாஸ்பர் அமையவில்லை. பச்சைக்கு டெர்பியம் இருக்கிறது, மஞ்சளை வடிகட்டினால் சிவப்பும் கிடைக்கும். தடுக்கிய இடம் நீலம். சீரியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் சல்ஃபைடு, யூரோப்பியம் கலந்த பேரியம் தையோஅலுமினேட் என்று பல ஆண்டுகள் உழைத்தார்கள். போதிய பிரகாசமான நீலம் கையில் வருவதற்குள் எல்.சி.டி. விலை சரிந்துவிட்டது. எனக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு.

என் பேனலில் ஒரு கிடைமட்டக் கோடு மட்டும் எரிவதில்லை. பேனல் போய்விட்டதா?

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ஒரு முழு வரிசை அணைந்தால் ஃபாஸ்பர் மேல் சந்தேகப்படுவது கடைசியாக இருக்கட்டும். முதலில் கண்ணாடி விளிம்பில் இருக்கும் இணைப்பைப் பாருங்கள், அடுத்து டிரைவர் ஐசி, அதாவது கோடுகளுக்கு வோல்ட்டேஜ் கொடுக்கும் சிப். நான் திறந்து பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இணைப்புக் கோளாறுதான். திரை முழுவதும் மங்கினாலோ துடித்தாலோ, உயர் வோல்ட்டேஜ் உண்டாக்கும் பகுதியில் வயதான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைச் சோதியுங்கள். ஊசிமுனை அளவு கரும்புள்ளிகள் இருந்தால் கவலை வேண்டாம், அடுக்கில் ஓட்டை விழுந்த இடத்தில் மேலே இருக்கும் அலுமினியம் மட்டும் ஆவியாகிப் போய், அந்த இடம் துண்டிக்கப்பட்டு, மற்ற பகுதி தப்பிவிடும். ஒரே படம் ஆண்டுக்கணக்கில் நின்றதால் விழுந்த நிழல் மட்டும் போகாது.

ஒன்று மட்டும் கட்டாயம் கேளுங்கள்: சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் அந்த 200 வோல்ட் மிச்சம் இருக்கலாம். மீட்டர் வைத்து அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

இதை இன்னும் யாராவது தயாரிக்கிறார்களா?

ஆம், ஃபின்லாந்தின் எஸ்போவில். இதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஓட்டையில்லாத அடுக்கு வேண்டும் என்பதற்காகவே ஃபின்லாந்து இயற்பியலாளர் துவோமோ சுந்தோலா 1974-இல் ஓரணு அடுக்கு ஓரணு அடுக்காகப் படிய வைக்கும் முறையை உருவாக்கினார், 1983-இல் ஹெல்சிங்கி விமான நிலையத்தில் அந்த முறையில் செய்த தகவல் பலகைகள் வைக்கப்பட்டன. இன்று உங்கள் போனின் சிப்பைச் செய்யவும் அதே படிவு முறை பயன்படுகிறது. பேனலின் பின்புறத்திலும் ஒளி ஊடுருவும் மின்முனையைப் போட்டால் கண்ணாடியே திரையாகிவிடும், இப்போது கவனம் அதிகம் அந்தப் பக்கம்தான்.

எல்.சி.டி. ஒன்றை வாங்கி மாற்றிவிடலாமா?

அறைக்குள் இருக்கும் கருவி என்றால் தாராளமாக மாற்றலாம். பல மாடல்களில் நான்கு பிட் டேட்டா, ஒரு கிளாக், வரிசையும் படமும் தொடங்கும் நேரத்தைச் சொல்லும் இரண்டு சிங்க் சிக்னல்கள்தான் வருகின்றன, அதை மாற்றிக் கொடுக்கும் போர்டு இருந்தால் போதும். கடுங்குளிரில் வேலை செய்யும் வண்டியிலோ வெளியில் நிற்கும் கருவியிலோ இருந்தால் நான் மாற்ற மாட்டேன். உறைபனியில் திரவப் படிகம் குழம்பு போலத் தடித்து, எண்கள் மாறும்போது பழைய எண்ணின் சாயல் இழுத்துக்கொண்டே வரும். இ.எல். அங்கேயும் ஒரு மில்லி விநாடிக்குள் மாறும். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிற பேனலைக் கழற்ற வேண்டாம், கெப்பாசிட்டர்களை மட்டும் புதிதாகப் போட்டு மூடிவிடுங்கள்.