லோ பீமிலும் நீல விளக்கு எரிகிறதா? வயரிங் செட்டில் கை வைக்காதீர்கள்

கேள்வி: என் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் பல்பு ஃபியூஸ் போய்விட்டது. புது பல்பு வாங்கி நானே மாற்றினேன். இப்போது லோ, ஹை இரண்டுமே எரியவில்லை. ஆனால் லோவில் வைத்தாலும் மீட்டரில் ஹை பீமுக்கான நீல விளக்கு எரிகிறது. பல்பைக் கழற்றி வேறு வண்டியில் போட்டால் நன்றாக எரிகிறது. மெக்கானிக் ஒருவர், வயரிங் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. பல்புக்கு எர்த், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கோளாறு பெரும்பாலும் பல்பின் பின்னால் செருகும் ஹோல்டருக்குள்ளேயே இருக்கும்.

உங்கள் பல்பின் பின்புறம் மூன்று தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இரண்டு இழைகள்: லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. இரண்டு இழைகளின் மறுமுனையும் ஒன்றாகச் சேர்ந்து மூன்றாவது தகடு வழியாக எர்த்துக்குப் போகின்றன. அந்த மூன்றாவது வழி அடைபட்டால், லோ இழைக்கு வந்த மின்சாரத்துக்கு இறங்க இடமில்லை. அது ஹை இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, ஹை பீம் வயரில் ஏறி, மீட்டரில் இருக்கும் நீல விளக்கைத் தாண்டி அங்கே எர்த்தில் போய் இறங்கிவிடுகிறது. நீல விளக்கு எரிய மிகச் சிறிய மின்சாரமே போதும். அந்த அளவு மின்சாரம் ஹெட்லைட் இழையைச் சிவக்க வைக்கக்கூடப் பற்றாது. அதனால்தான் முன்னால் இருட்டு, மீட்டரில் நீலம்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. லோவில் வைத்து நீல விளக்கு எரிகிறது என்றால், மின்சாரம் ஃபியூஸைத் தாண்டி, கைப்பிடியில் இருக்கும் சுவிட்சைத் தாண்டி, பல்பின் இரண்டு இழைகளையும் கடந்து மீட்டர் வரை வந்திருக்கிறது. அப்படியானால் ஃபியூஸ் சரி, சுவிட்ச் சரி, பல்பு சரி, அதுவரை வரும் வயரும் சரி. ஷார்ட் என்று ஒன்று இருந்திருந்தால் ஃபியூஸ் அல்லவா முதலில் போயிருக்கும்? எரிகிற ஒரு விளக்கைப் பார்த்துவிட்டு வயரிங் முழுவதும் போய்விட்டது என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நேற்று வரை இருந்த எர்த் இன்று ஏன் போனது? பல்பு மாற்றும்போது ஹோல்டரைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். பல வருடச் சூட்டில் அந்த பிளாஸ்டிக் இறுகிப் போயிருக்கும், உள்ளே இருக்கும் பித்தளை டெர்மினல்களின் பிடிப்பும் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு டெர்மினலின் முதுகிலும் அரிசி முனை அளவுக்கு ஒரு சிறிய நாக்கு உண்டு. அதுதான் டெர்மினலைப் பிளாஸ்டிக்கில் பூட்டி வைக்கிறது. அது மடங்கிப் போயிருந்தால், புது பல்பை அழுத்தும்போது பல்பின் தகடு டெர்மினலுக்குள் போவதற்குப் பதிலாக டெர்மினலைப் பின்னால் தள்ளிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஹோல்டர் முழுதாக உட்கார்ந்தது போலவே தெரியும்.

எனவே முதலில் ஹோல்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று டெர்மினலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் உள்வாங்கி இருந்தால் அதன் வயரை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். வயரோடு டெர்மினலும் முன்னும் பின்னும் ஆடினால் பூட்டு போய்விட்டது. டெர்மினலைப் பின்பக்கமாக வெளியே எடுத்து, அந்த நாக்கை ஊசியால் சற்றே நிமிர்த்தி, மறுபடி 'டிக்' என்று உட்காரும்வரை தள்ளுங்கள். டெர்மினலின் வாய் அகன்றிருந்தால் மூக்கு பிளையரால் லேசாக நெருக்குங்கள். பல்பைச் செருகும்போது கையில் இறுக்கம் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு போகக் கூடாது.

மூன்றில் எது எர்த் என்று கண்டுபிடிக்க வயரின் நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு என்றால் எர்த் என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். யமஹா வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஹோண்டாவில் எர்த் வழக்கமாகப் பச்சை. அங்கே கறுப்பு வயரில் சாவி போட்டதும் பாசிட்டிவ் வரும். சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு, கவாசாகியில் கறுப்பில் மஞ்சள் கோடு. நிறத்தை நம்பித் தவறான வயரை எர்த்தோடு சேர்த்துவிட்டால் ஃபியூஸ் போகும். ஹோல்டரைப் பல்பிலிருந்து கழற்றிவிட்டு டெஸ்ட் லைட்டின் (ஒரு பக்கம் கிளிப்பும் மறுபக்கம் கூர்முனையும் உள்ள சிறு சோதனை விளக்கு) கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு டெர்மினலிலும் வையுங்கள். லோ போட்டால் ஒன்றில் எரியும். ஹை போட்டால் இன்னொன்றில் எரியும். இரண்டிலும் எரியாத மூன்றாவதுதான் எர்த்.

இப்போது கிளிப்பை பேட்டரி பாசிட்டிவுக்கு மாற்றி, முனையை அந்த மூன்றாவது டெர்மினலில் வையுங்கள். டெஸ்ட் லைட் பளிச்சென்று எரிந்தால், டெர்மினல் வரை எர்த் வருகிறது, பல்பின் தகட்டைத்தான் தொடவில்லை. எரியாவிட்டாலோ மங்கலாக எரிந்தாலோ, வயரிலோ அது போய்ச் சேரும் இடத்திலோ கோளாறு. ஹெட்லைட் கூட்டைக் கழற்றியபோது அது வயரில் தொங்கியிருந்தால், ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர் உள்ளே அறுந்திருக்கலாம். அங்கே வயரை வளைத்துப் பாருங்கள், விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அந்த இடம்தான். பிறகு எர்த் வயர்கள் ஒன்றுசேரும் இணைப்பையும், வண்டியின் சட்டமான சேஸிஸில் முடுக்கியிருக்கும் போல்ட்டையும் பாருங்கள். துருவைச் சுரண்டி முடுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஹாரனும் இண்டிகேட்டரும் ஒழுங்காக வேலை செய்தால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

இங்கே மல்டிமீட்டரை 'பீப்' ஒலியில் வைத்து எர்த் சோதிப்பவர்களை நான் தடுக்காத நாளில்லை. வயரில் ஒரே ஒரு நூலிழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஆனால் 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அந்த நூலிழை அதைத் தாங்காது. மீட்டர் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பல்பை மாட்டி, ஹெட்லைட்டைப் போட்டு, ஹோல்டரின் பின்பக்கமாக எர்த் வயரை ஒட்டி ஒரு மெல்லிய ஊசியைச் செருகி, ஊசிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். நல்ல எர்த்தில் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பு மோசம். எர்த் வயர் அறுந்திருந்தால் அநேகமாக பேட்டரி வோல்ட்டேஜே அங்கே நிற்கும். டெர்மினல் பல்பின் தகட்டைத் தொடாததுதான் கோளாறு என்றால் இங்கும் பூஜ்யமே காட்டும்.

ஒரு வகை வண்டிக்கு மட்டும் மேலே சொன்ன சோதனை அப்படியே பொருந்தாது. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய வண்டிகள் பலவற்றிலும் சில சிறிய வண்டிகளிலும் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. இஞ்சின் சுழலும்போது மேக்னெட் காயிலில் உண்டாகும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் நேராக ஹெட்லைட்டுக்குப் போகும். இஞ்சினை முறுக்கினால் வெளிச்சம் கூடி, விட்டால் குறைகிறதா? உங்கள் வண்டி அந்த ரகம். அதில் சாவியை மட்டும் போட்டுவிட்டு எவ்வளவு நேரம் சோதித்தாலும் ஹோல்டரில் எதுவும் வராது. வரவும் கூடாது. இஞ்சினை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரையும் ஏசி அளவில் வைக்க வேண்டும். பேட்டரி மின்சாரத்துக்கான டிசியில் வைத்தால் ஓடும் வண்டியிலும் பூஜ்யம் அல்லது ஒன்றுக்கும் உதவாத ஓர் எண்ணைக் காட்டும். அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் காயில் போய்விட்டது, வயரிங் போய்விட்டது என்று வாடிக்கையாளரை நம்ப வைக்கிறார்கள். சாவி போட்டதும் எரியாமல் இஞ்சின் ஓடினால் மட்டும் ஹெட்லைட் எரியும் எல்லா வண்டியும் ஏசி என்றும் நினைத்துவிடாதீர்கள். பேட்டரியில் எரியும் புது வண்டிகளிலும் ஸ்டார்ட் ஆகும்வரை ஹெட்லைட்டை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு உண்டு. முறுக்கும்போது வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்பதே அடையாளம். எர்த் டெர்மினலைப் பாசிட்டிவோடு சோதிப்பது மட்டும் இரண்டு வகைக்கும் ஒன்றுதான்.

வயரிங் செட் விஷயத்துக்கு வருகிறேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஹோல்டரும், அதற்குள் போகும் ஒரு பித்தளைத் துண்டும்தான் இங்கே பிரச்சினை. அதைத் தனி பாகமாக விற்கப் பல கம்பெனிகளுக்கு மனமில்லை. பாகங்களின் பட்டியலைத் திறந்தால் ஹெட்லைட் ஹோல்டர் முழு வயரிங் செட்டோடு ஒட்டியே வரும். வயரிங் படத்தையும் வண்டி வாங்கியவர் கையில் கொடுப்பதில்லை. படமும் இல்லை, பாகமும் இல்லை என்றால் சர்வீஸில் இருப்பவர் முழு செட்டை மாற்றத்தானே சொல்வார்? இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. நல்ல வேளையாக, இந்த மூன்று தகடு பல்புக்கான எச்4 ஹோல்டர் கார்களிலும் பைக்குகளிலும் பொதுவாகப் பயன்படுவது. வெளியில் தனியாகவே கிடைக்கும். உங்களுடையது கருகியோ உருகியோ இருந்தால் சற்றுத் தடித்த வயரோடு வரும் பீங்கான் ஹோல்டராகப் பார்த்து வாங்கி, வயருக்கு வயர் டெர்மினல் நெருக்கி இணைக்கச் சொல்லுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். சில மழை கண்டதும் அதே நீல விளக்கு மறுபடி எரியும்.

ஹோல்டர் வாங்கப் போகும் இடத்திலேயே, "இதையும் போட்டுக்கோங்க, வெளிச்சம் பகல் மாதிரி இருக்கும்" என்று 100/90 வாட் (ஹைக்கு 100, லோவுக்கு 90) பல்பை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். 60/55 வாட்டுக்காகச் செய்த சுவிட்சும் வயரும் அதற்கு உரியவை அல்ல. இப்போது தளர்ந்த டெர்மினல் அடுத்தது உருகும். உங்கள் பழைய பல்பில் 35/35 என்று எழுதியிருந்தால் 60/55கூட வேண்டாம். சார்ஜ் ஆவதைவிடச் செலவு கூடி, ஸ்டார்ட்டர் திணற ஆரம்பித்துவிடும். வெளிச்சம் குறைவு என்ற குறைக்கும் பெரும்பாலும் காரணம் இதே மோசமான இணைப்புதான். பல்புக்கு வரும் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

சரிசெய்து மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். தொட்டிருந்தால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதிகம் சூடாகிப் பல்பின் ஆயுளைக் குறைக்கும். பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைச் சுற்றிலும் அழுத்தி மூடுங்கள், ஈரம் உள்ளே போனால் ரிஃப்ளெக்டர் வெளுத்துவிடும்.

பழைய பல்பு ஏன் போனது என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பேட்டரியில் எரியும் வண்டி என்றால், இஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு பேட்டரியின் இரு முனைகளிலும் டிசி வோல்ட் அளங்கள். 13.5 முதல் 14.5 வரை இருந்தால் பல்பு தன் காலம் முடிந்துதான் போயிருக்கிறது. 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். அதை மாற்றாமல் எத்தனை பல்பு போட்டாலும் நிற்காது.