பகீஃ மையவாடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உம்ராவுக்குப் போகிறோம். மதீனாவில் மஸ்ஜிதுந் நபவிக்குப் பக்கத்திலுள்ள ஜன்னதுல் பகீஃ மையவாடிக்குள் பெண்களை விடமாட்டார்களாம். மதீனா வரை போய் வெளியே நின்றுவிட்டுத் திரும்புவதா?
- வாசகி, அக்குறணை

பதில்: ஆம், உள்ளே ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் ஸலாமுக்கு மதில் தடையில்லை. மஸ்ஜிதுந் நபவியின் கிழக்கு முற்றத்தைக் கடந்து, மதிலருகே நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும் தார கவ்மின் முஃமினீன், வஇன்னா இன்ஷா அல்லாஹு பிக்கும் லாஹிகூன்" என்று சொல்லி, அங்கே அடங்கியிருப்போரின் பாவமன்னிப்புக்கு துஆ கேளுங்கள். கம்பி இடைவெளியால் எட்டிப் பார்க்க நெரிசலில் முண்டியடிக்க வேண்டாம்.

அதைவிடப் பெரியதொரு பாக்கியத்தை நம்மவர்கள் கைநழுவ விடுகிறார்கள். அங்கே ஏறத்தாழ ஒவ்வொரு பர்ழுத் (கடமையான) தொழுகைக்குப் பிறகும் ஜனாஸாத் தொழுகை உண்டு. தொழுததும் மையித்தை (இறந்தவரின் உடலை) பகீஃக்குத்தான் தூக்கிச் செல்வார்கள். இமாம் ஸலாம் கொடுத்த சற்று நேரத்தில் அரபியில் அறிவிப்பு வரும். அது விளங்காமல் பலர் உடனே எழுந்து ஸுன்னத்துக்குத் தக்பீர் கட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள். மொத்தம் நான்கு தக்பீர்: முதலாவதன் பின் பாத்திஹா, இரண்டாவதன் பின் ஸலவாத், மூன்றாவதன் பின் மையித்துக்கு துஆ, நான்காவதன் பின் சிறு துஆ, ஸலாம். ருகூஉ, ஸுஜூது கிடையாது. பெண்களும் தங்கள் பகுதியில் நின்று சேர்ந்து தொழலாம். ஜனாஸா தொழுதவருக்கு ஒரு கீராத், அடக்கம் முடியும்வரை நின்றவருக்கு இரண்டு என்று ஹதீஸில் வருகிறது. ஒரு கீராத் என்பது மலையளவு நன்மை.

கேள்வி: யாருடைய கப்ர் எங்கே என்று எண் போட்ட வரைபடங்கள் கிடைக்கின்றனவே, நம்பலாமா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: பகுதியை அறிய உதவும். இந்தக் கல் இன்னாருடையது என்று சொல்ல உதவாது. கப்ருகள் மேலிருந்த குப்பாக்கள் (குவிமாடங்கள்) 1806இலும், மீண்டும் 1920களின் நடுவிலும் இடிக்கப்பட்டன. இன்று பெயர்ப்பலகை எதுவுமில்லை. மண்ணும், நம் ஊரில் கப்ர் மேல் நடும் மீஸான் கல்லைவிட எளிய கற்களும்தான்.

வாசலால் ஏறியதும் முன்னே வலப்பக்கம் அஹ்லுல் பைத் (நபியவர்களின் குடும்பத்தார்): ஹஸன், அப்பாஸ், ஸைனுல் ஆபிதீன், ஜஃபர் ஸாதிக் (ரலி) போன்றோர். அப்பால் நபியவர்களின் (ஸல்) மகள்மாரும், ஆயிஷா (ரலி) உட்பட மனைவியரும். கதீஜா (ரலி) மக்காவிலும், மைமூனா (ரலி) மக்காவுக்கு அருகிலுள்ள ஸரிஃபிலும் அடங்கியிருப்பதால் அந்த இருவரையும் இங்கே தேட வேண்டாம். இமாம் ஷாஃபிஈயின் உஸ்தாத் இமாம் மாலிக்கும் (மறைவு ஹிஜ்ரி 179) இங்கேதான். உஸ்மான் (ரலி) அவர்களின் கப்ருக்கு வெகுதூரம் உள்ளே நடக்க வேண்டும். ஹிஜ்ரி 35இல் அவரை அடக்கிய ஹஷ்ஷு கவ்கப் தோட்டம் அப்போது பகீஃக்கு வெளியே இருந்தது. உமையா ஆட்சியாளர்கள் காலத்தில்தான் உள்ளே சேர்ந்தது.

வழக்கமாக ஸுபஹுக்கும் அஸருக்கும் பிறகு திறப்பார்கள். கோடையில் மதீனாவின் வெயில் 40 பாகையைத் தாண்டும். மலைநாட்டுக் குளிரில் பழகிய வயதானவர்களை ஸுபஹுக்குப் பிறகே கூட்டிப்போங்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, நடைபாதையை விட்டு மட்டும் இறங்க வேண்டாம். துஆவுக்குக் கையேந்தும்போது கிப்லாவை நோக்கிக்கொள்ளுங்கள். கப்ரைப் பார்த்துக் கையேந்தினால் காவலர் தடுப்பார்.

கேள்வி: பரக்கத்துக்காகக் கொஞ்சம் பகீஃ மண் கொண்டுவரச் சொல்கிறார்கள். கூடுமா?
- வாசகி, வெலிமடை

பதில்: கூடாது. மதீனா ஹரமின் (புனித எல்லையின்) மண்ணை வெளியே எடுத்துச் செல்வதை இமாம் நவவி தடுத்திருக்கிறார். கேட்டவருக்கு அஜ்வா பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுங்கள்.