கோர்ச்னாய் தோற்றவரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முன்னாள் உலக செஸ் சாம்பியன் கார்ப்போவ் பற்றிய உங்கள் கட்டுரையில், உலகப் பட்டத்துக்கு அவரோடு மோதிய, சோவியத் நாட்டை விட்டு வெளியேறிய விக்டர் கோர்ச்னாய் ஒரே ஒரு வரியில் வந்துபோகிறார், 'பாகியோவில் தோற்றவர்' என்று. அதைப் படித்த என் அப்பா, "நாட்டை விட்டுப் போனான். பட்டமும் கிடைக்கலை, குடும்பமும் சிதறிப்போச்சு. பேசாம லெனின்கிராட்லயே இருந்திருக்கலாம்" என்றார். அப்பா அந்தக் காலத்தில் நன்றாகச் செஸ் ஆடியவர். நானோ கோர்ச்னாயின் ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன். இருந்தும் அப்பாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 45 வயதில் மனைவியையும் மகனையும் விட்டுவிட்டுப் போனாரே, அது பட்டத்துக்காகத்தானா? அப்படியென்றால் அவருடைய வெளிநாட்டு வாழ்க்கையைத் தோல்வி என்றுதான் சொல்ல வேண்டுமா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில், அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. அவ்வளவு பெரிய வாழ்க்கையை 'தோற்றவர்' என்ற ஒரு சொல்லில் அடக்கியது தப்பு. அதற்காகவே இந்தப் பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அவர் ஏன் போனார் என்பதற்கு 1974-இலிருந்து தொடங்க வேண்டும். மாஸ்கோவில் கார்ப்போவுடன் கேண்டிடேட்ஸ் இறுதிச் சுற்று, அதாவது உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் சுற்று. கார்ப்போவுக்கு 23 வயது, இவருக்கு 43. 17 ஆட்டங்கள் முடிந்தபோது கார்ப்போவ் மூன்று வெற்றி, இவர் பூஜ்யம். அதற்கப்புறம் 19-ஆவது ஆட்டத்தையும் 21-ஆவதையும் கோர்ச்னாய் வென்றார். மூன்றாவது வெற்றி கிடைக்கவில்லை. 24 ஆட்டங்களில் 3-2, மீதி 19 டிரா. மறு வருடம் அப்போதைய உலக சாம்பியன் பாபி ஃபிஷர் ஆட மறுத்ததால், மாஸ்கோவில் வென்றதே கார்ப்போவுக்கு உலகப் பட்டமாக ஆகிவிட்டது.

தோற்றதோடு கோர்ச்னாய் சும்மா இருந்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. நான்கு முறை சோவியத் சாம்பியன். சம்பளம், வீடு, மரியாதை எல்லாம் இருந்தது. ஆனால் அவர் ஒரு யூகோஸ்லாவிய நிருபரிடம் கார்ப்போவின் ஆட்டத்தைப் பற்றி மனதில் பட்டதைப் பேசிவிட்டார். உடனே வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகத் தடை வந்தது, வருமானமும் குறைந்தது. தடை விலகியதும் 1976 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு போட்டிக்குப் போனார். அங்கே ஆங்கிலேயரான டோனி மைல்ஸுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 'அரசியல் தஞ்சம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று மைல்ஸிடமே கேட்டதாக ஒரு கதை உண்டு. போட்டி முடிந்ததும் ஊர் திரும்பவில்லை.

அப்போது உலகப் பட்டம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அடுத்த வருடம் யார் தன்னுடன் ஆடுவார்கள் என்பதே தெரியாத நிலை. அவர் போனது ஆடுவதற்காக என்றுதான் நான் நினைக்கிறேன். யாருடன் ஆடலாம், எங்கே ஆடலாம், தோற்ற பிறகு வாயைத் திறக்கலாமா என்பதையெல்லாம் வேறொருவர் முடிவு செய்வது அவருக்குத் தாங்கவில்லை.

அதற்கு விலை வைத்தார்கள். சோவியத் கிராண்ட்மாஸ்டர்கள் சேர்ந்து அவரைக் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துப் போடாதவர்கள் சிலரே: போட்வின்னிக், ஸ்பாஸ்கி, பிரான்ஸ்டீன், குல்கோ. அடுத்து புறக்கணிப்பு. கோர்ச்னாயை அழைத்தால் சோவியத் ஆட்டக்காரர் ஒருவரும் வரமாட்டார். எந்தப் போட்டி அமைப்பாளர் அவரை அழைப்பார்? ஏழு வருடம் பெரிய போட்டிகள் பலவற்றின் கதவு அவருக்குச் சாத்தியே இருந்தது.

கேண்டிடேட்ஸ் சுற்றை மட்டும் அவர்களால் புறக்கணிக்க முடியவில்லை. புறக்கணித்தால் உலகப் பட்டத்துக்கான வழியே போய்விடும். எனவே அவர்கள் இவர் முன்னால் வந்து உட்கார வேண்டிய ஒரே இடம் அது. 1977-இல் முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோசியன் வந்தார், தோற்றார். போலுகாயெவ்ஸ்கி வந்தார், 8½-4½ என்று நொறுங்கினார் (வெற்றிக்கு ஒரு பாயிண்ட், டிராவுக்கு அரை). பிறகு பெல்கிரேடில் ஸ்பாஸ்கி. கோர்ச்னாயும் அவரும் லெனின்கிராட் முன்னோடிகள் மாளிகை என்ற சிறுவர் மன்றத்தில் விளாதிமிர் ஸாக் என்ற ஒரே ஆசிரியரிடம் படித்த பையன்கள். ஸ்பாஸ்கியும் 1976-இலேயே பிரான்ஸுக்குக் குடிபோய்விட்டார், ஆனால் சோவியத் குடியுரிமையோடு. கோர்ச்னாய் 7½-2½ என்று முன்னிலையில் இருந்தபோது ஸ்பாஸ்கி பலகை முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டார். மேடைக்குப் பின்னால் இருந்து பெரிய காட்சிப் பலகையைப் பார்த்து யோசிப்பார், காயை நகர்த்த மட்டும் வெளியே வருவார். வெறும் நாற்காலியைப் பார்த்தபடி கோர்ச்னாய் தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்றார். அப்படித் தோற்றவர் மீண்டு எழுந்து 10½-7½ என்று முடித்தாரே, அவருடைய வெற்றிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

1978 பாகியோ. கார்ப்போவுடன் உலகப் பட்டப் போட்டி. பிலிப்பைன்ஸின் மலை நகரம், ஜூலை முதல் அக்டோபர் வரை மூன்று மாதம். பலகைக்கு வெளியே நடந்த தயிர்க் கதை, கண்ணாடிக் கதை, முன்வரிசையில் உட்கார்ந்து முறைத்த மனோதத்துவ நிபுணர் கதை எல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள், அவற்றை விடுகிறேன். ஐந்தாவது ஆட்டத்துக்கு வாருங்கள். கோர்ச்னாய் வெள்ளை. கார்ப்போவின் ராஜா வெளியே இழுபட்டு நிற்கிறார். 55-ஆவது நகர்த்தல், கடிகாரத்தில் நேரம் இல்லை. பிஷப்பால் செக் கொடுக்க இரண்டு கட்டங்கள்: எஃப்7, ஈ4. எஃப்7-இல் கொடுத்தால் மேட் தப்பாது. அவர் ஈ4-இல் கொடுத்தார். ஆட்டம் 124-ஆவது நகர்த்தல் வரை இழுத்து, செக்கும் இல்லாமல் நகர்த்த வழியும் இல்லாத ஸ்டேல்மேட்டில் முடிந்தது, ஆளுக்கு அரை பாயிண்ட். பலகையில் அந்த நிலையை அடுக்கி வைத்து, அந்த பிஷப்பை நானே எஃப்7-க்கு எத்தனையோ முறை நகர்த்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வயிற்றில் என்னவோ செய்யும்.

முதலில் ஆறு வெற்றி பெறுபவருக்குப் பட்டம். 27 ஆட்டங்கள் முடிந்தபோது கார்ப்போவ் 5-2. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். அங்கிருந்து 28, 29, 31 ஆகிய ஆட்டங்களை கோர்ச்னாய் வென்று 5-5 ஆக்கினார். 32-ஆவதில் தோற்றார். சோர்வோடு உட்கார்ந்திருக்க வேண்டிய மனிதர், அதே வருடம் புவனோஸ் ஐரிஸ் ஒலிம்பியாடில் தான் குடியேறிய சுவிட்சர்லாந்துக்காக முதல் பலகையில் ஆடி 11 ஆட்டங்களில் 9 பாயிண்ட் எடுத்தார். நாட்டில் இருந்தபோது 43 வயதில் இளைஞர் கார்ப்போவிடம் மூன்று ஆட்டங்கள் பின்தங்கிய அவர், வெளியே வந்து 47 வயதில் உச்சத்தில் இருந்த சாம்பியன் கார்ப்போவை ஒற்றை ஆட்டத்தின் விளிம்பில் நிறுத்தினார். வெளியே போனது அவருடைய ஆட்டத்தைக் கெடுத்தது என்று அப்பா சொன்னால், இந்த இரண்டு ஸ்கோர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

சரி, குடும்பம். இதில் உங்கள் அப்பாவோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. மகன் இகோர் நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பித்தான், கிடைக்கவில்லை. ராணுவத்தில் சேர அழைப்பு வந்தது. சேர்ந்தால், ராணுவ ரகசியம் தெரிந்தவன் என்ற காரணம் சொல்லிப் பல வருடம் வெளியே விடாமல் வைத்திருக்கலாம். மறுத்துத் தலைமறைவானான். 1979-இல் பிடித்து இரண்டரை வருடம் உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். 1981-இல் இத்தாலியின் மெரானோவில் கோர்ச்னாய் கார்ப்போவுடன் மறுபடி பட்டத்துக்கு மோதியபோது மகன் முகாமில் இருந்தான். குடும்பத்தை விடுவிக்கச் சொல்லி, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் ஓலாஃப்சன் போட்டியையே தள்ளிவைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. 6-2 என்று கோர்ச்னாய் தோற்றார். 1982-இல்தான் மனைவி பெல்லாவும் இகோரும் வெளியே வந்தார்கள். அதற்குள் அந்தத் திருமண வாழ்க்கை முடிந்துபோயிருந்தது.

தந்தையின் முடிவுக்கு மகன் இரண்டரை வருடம் கொடுத்தான். அதை எந்த ஆட்டமும் ஈடுகட்டாது, நானும் ஈடுகட்டப் பார்க்கவில்லை. ஆனால் அவனைச் சிறையில் போட்டது கோர்ச்னாய் இல்லை, எஸ். ஒருவன் வெளியேறியதற்கு அவன் பிள்ளையைத் தண்டிக்கும் அரசு அது. முறைப்படி கேட்டுப் போயிருக்கலாமே என்று அப்பா சொல்வாரானால், கையெழுத்துப் போடாத குல்கோவைச் சொல்லுங்கள். 1977 சோவியத் பட்டத்தைப் பகிர்ந்தவர். 1979-இல் முறைப்படி அனுமதி கேட்டார். 1986-இல்தான் விட்டார்கள். ஒரு கிராண்ட்மாஸ்டரின் நல்ல வருடங்கள் ஏழு அதில் போயின.

இன்னொரு விஷயம். 1983-இல் கேண்டிடேட்ஸ் அரையிறுதியில் எதிராளி 20 வயது காஸ்பரோவ். இடம் அமெரிக்காவின் பாசடினா. சோவியத் தரப்பு வரவில்லை, ஆடாமலே கோர்ச்னாய் வென்றதாக அறிவிக்கப்பட்டது. தன்னை ஏழு வருடம் ஒதுக்கி வைத்தவர்களின் புதிய நட்சத்திரத்தை விரல் அசைக்காமல் வெளியேற்றியாயிற்று. 52 வயது, இறுதிச் சுற்று கையில். அவரோ லண்டனில் ஆடலாம் என்று ஒப்புக்கொண்டார். முதல் ஆட்டத்தைக் கறுப்புக் காய்களில் வென்றார், பிறகு 4-7 என்று தோற்றார். அவர்மீதான புறக்கணிப்பும் அதோடு முடிவுக்கு வந்தது. பட்டத்துக்காகவே நாட்டை விட்டுப் போனவர், இலவசமாக வந்த அந்த வெற்றியைத் திருப்பிக் கொடுத்திருப்பாரா?

1990-இல் சோவியத் குடியுரிமையைத் திரும்பத் தந்தார்கள். அவர் திரும்பிப் போய்க் குடியேறவில்லை, சுவிட்சர்லாந்திலேயே இருந்தார். பத்து வருடம் சோவியத்தின் வோர்குட்டா உழைப்பு முகாமில் கிடந்து மீண்டவரான பெட்ரா லேவரிக்கை மணந்தார். 75 வயதில் உலகின் முதல் நூறு பேர் பட்டியலில் இருந்தார். 78 வயதிலும் 80 வயதிலும் சுவிஸ் சாம்பியன் ஆனார். 2011-இல் ஜிப்ரால்டரில் 18 வயது இளம் கிராண்ட்மாஸ்டர் ஃபாபியானோ கருவானாவைக் கறுப்பில் வீழ்த்தினார்.

அப்புறம் பக்கவாதம் வந்தது. 2015-இல் சூரிக்கில் சக்கர நாற்காலியில் வந்து, ஜெர்மன் கிராண்ட்மாஸ்டர் வோல்ஃப்காங் ஊல்மனுடன் நான்கு அதிவேக ஆட்டங்கள் ஆடினார். ஊல்மனுக்கு 79, இவருக்கு 83. இருவரும் கறுப்புக் காய்களில் வாழ்நாள் முழுக்க பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்க முறையை ஆடியவர்கள். ஸ்கோர் 2-2. அதற்கடுத்த வருடம் ஜூன் 6 அன்று கோர்ச்னாய் இறந்தார். அந்த நான்கு ஆட்டங்களும் இணையத்தில் கிடைக்கும். அப்பாவோடு உட்கார்ந்து பலகையில் ஆடிப் பாருங்கள். கறுப்பை அவருக்குக் கொடுங்கள்.

அன்புடன்.