பட்டறைப் பக்கம்: சாலைக்கு ஒரு பேட், பந்தயத் தடத்துக்கு ஒரு பேட்

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறேன், எண்ணூரில் வேலை. எட்டு ஆண்டு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அதே காரை இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுவதும் உண்டு. சென்ற முறை நான்காவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு போல் அமுங்கி, ஏறக்குறைய தரையைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகு பழையபடி ஆகிவிட்டது. துளையிட்ட டிஸ்க் போடச் சொல்கிறார் பட்டறைக்காரர். பந்தய பேட் போட்டு அன்றாடமும் அதிலேயே ஓட்டு என்கிறார் நண்பர். எதைக் கேட்பது?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: இருவர் சொல்வதும் உங்கள் காருக்கு வந்த நோய்க்கான மருந்து அல்ல. பெடல் எப்படி நடந்துகொண்டது என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் இன்னதென்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் உராய்வுக் கட்டைதான் பேட். அது தன் வெப்ப எல்லையைத் தாண்டிப் பிடிப்பை இழந்தால் பெடல் கல் போல் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்காது, கருகிய வாடையும் வரும். பெடல் பஞ்சாக அமுங்கிக் கீழே போகிறது என்றால் கொதித்தது பிரேக் ஆயில். திரவத்தை நசுக்க முடியாது, ஆனால் அது கொதித்து உண்டாகும் ஆவியை நசுக்கலாம். உங்கள் காலின் விசை சக்கரத்துக்குப் போகாமல் அந்த ஆவிக் குமிழ்களிலேயே செலவாகிவிடுகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகும் என்பதால்தான் அரைமணி நேரத்தில் எல்லாம் சரியானது போலத் தோன்றியது.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது நினைவில் இருப்பதில்லை. ஆயில் என்று நாம் அழைத்தாலும் அது எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் கிளைகோல் வகைத் திரவம். டாட் 4 தரத்தில் புதிதாகத் திறந்த திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே திரவத்தில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 3 தரத்தில் இந்த எண்கள் 205, 140, டாட் 5.1 தரத்தில் 260, 180. கடலோரத்தில், ஆண்டு முழுவதும் ஈரக்காற்றில் நிற்கும் ஒரு கார் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரே திரவத்தில் ஓடுவது அன்றாடச் சாலைக்கே உகந்ததல்ல. ஆகவே முதல் செலவு இதுதான்: பழையதை முழுவதும் வெளியேற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் ஏர் எடுத்து, டாட் 4 அல்லது 5.1 ஊற்றுங்கள். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாதது. பெயரின் ஒற்றுமையைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்து, அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ எடையுள்ள காரை நகரச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் ஏறக்குறைய 96 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. அதே காரைப் பந்தயத் தடத்தில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் 140 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டருக்குக் குறைக்கும்போது 617 கிலோஜூல், அதாவது ஆறு மடங்குக்கும் மேல். அதில் 70 விழுக்காட்டை முன் சக்கரங்கள் ஏற்கின்றன என்றும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 5 கிலோ எடை என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரே அழுத்தலில் டிஸ்க்கின் வெப்பம் 85 டிகிரிக்கு மேல் ஏறும். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர்; அதற்குள் ஒரு வளைவுக்குப் பட்ட சூடு ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. நான்காவது சுற்றில் உங்கள் கார் கைவிட்டதில் வியப்பில்லை. மூன்று சுற்று தாங்கியதைத்தான் மெச்ச வேண்டும்.

டிஸ்க் என்பது அடிப்படையில் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இரும்புப் பாத்திரம். ஆகவே அதில் துளை போடுவது வாங்கி வைக்கும் இரும்பையே குறைப்பதாகும். பேட்டிலிருந்து வாயு மிகுதியாக வெளிவந்த பழைய நாள்களில் துளைக்கு ஒரு பொருள் இருந்தது, மழைநீரை வழித்துவிடவும் அது ஓரளவு உதவும். ஆனால் பந்தயத் தடத்தில் சூடாகி ஆறி மீண்டும் சூடாகும்போது அந்தத் துளைகளின் ஓரத்திலிருந்துதான் விரிசல் தொடங்குகிறது. நிறுவனம் குறிப்பிட்ட அளவிலேயே, நடுவில் காற்றுப் போகும் வழியுள்ள, துளையற்ற தரமான டிஸ்க் உங்களுக்குப் போதும். கண்டிப்பாக ஏதாவது கோலம் வேண்டும் என்றால் துளையை விட்டுவிட்டு, ஸ்லாட் எனப்படும் கீறல் போட்டதை வாங்குங்கள். அது பேட்டின் முகத்தைச் சீவிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், பேட் சற்று விரைவில் தேயும். வாங்குமுன் இப்போதுள்ள டிஸ்க்கை அளந்து பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் நிறைய மிச்சமிருந்தால் புதியது வாங்க அவசியமே இல்லை.

இனி பேட். சாலை பேட் குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும், ஓசையின்றி இருக்கும், டிஸ்க்கைத் தின்னாது; ஆனால் பொதுவாக 350, 400 டிகிரியை நெருங்கும்போது தளரத் தொடங்கும். பந்தய பேட் 600 டிகிரியிலும் தாங்கும். ஆனால் சூடேறாதவரை அதன் பிடி அரைகுறைதான். காலை ஆறரை மணிக்கு வீட்டை விட்டு இறங்கி எண்ணூர் விரைவுச் சாலையைத் தொட்டவுடன், முன்னே போகும் கண்டெய்னர் லாரி திடீரென்று நிற்கிறது என்று வையுங்கள். நவம்பர் மழையும் சேர்ந்துகொள்ளட்டும். அந்த முதல் அழுத்தலில் உங்கள் பேட் குளிர்ந்திருக்கும். நண்பரின் யோசனையை நான் ஏற்காததற்கு இந்த ஒரு காரணமே போதும். கிறீச்சிடும் ஓசையும் அலாய் வீலைக் கருப்பாக்கும் தூளும் விரைவில் தேயும் டிஸ்க்கும் அதற்குப் பின்னால்தான் வரும்.

சாலைக்கும் தடத்துக்கும் சேர்த்து ஒரே பேட் என்று விற்கப்படுபவை உண்டு. ஆண்டுக்கு மூன்று முறை மட்டும், நாலைந்து சுற்று ஓட்டி ஆறவிட்டு மீண்டும் ஓட்டுபவருக்கு அவற்றில் நல்லது ஒன்று போதும் என்பது உண்மைதான். இருந்தாலும் முன் சக்கரங்களுக்கு மட்டும் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதே என் விருப்பம். பேட்டைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் ஒரு போல்ட்டைக் கழற்றித் தூக்கினால் பேட் கைக்கு வந்துவிடும் வகையில்தான் இத்தகைய கார்களில் பெரும்பாலானவை அமைந்திருக்கின்றன. பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலை. இரண்டும் ஒரே நிறுவனத்தின், ஒன்றோடொன்று ஒத்துப்போகும் கலவைகளாக இருந்தால் நல்லது; ஒரு கலவை டிஸ்க்கின் மேல் படியவிட்ட மெல்லிய படலம் மற்றொன்றுக்குப் பிடிக்காமல் போவதுண்டு. கடையில் பேட்டின் ஓரத்தில் அச்சிட்ட இரண்டு எழுத்தைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வையும், இரண்டாவது எழுத்து சூடான நிலையில் உராய்வையும் குறிக்கும். ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப் எஃப்’ என்றிருந்தால் சாலைக்கு நம்பலாம். பந்தயத் தடத்தின் வெப்பத்தில் அது எப்படி நடக்கும் என்பதை அந்த எழுத்துகள் சொல்லா. அதற்கு நிறுவனம் தரும் வெப்ப எல்லையைக் கேட்டு வாங்க வேண்டும்.

தடத்தில் கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வாருங்கள். வந்து நிறுத்தியதும் கைப்பிரேக் இழுக்காதீர்கள். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் புதிய டிஸ்க்கும் பேட்டும் போட்டேன். இப்போது வேகத்தில் பிரேக் போட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் கடைய வேண்டும் என்கிறார்கள். நான்கு மாதத்தில் இரும்பு வளையுமா?
— வாசகி, ராயபுரம்

பதில்: அபூர்வமாகவே வளையும், அம்மா. நடுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாததுதான். பேட்டின் கலவை ஓரிடத்தில் திட்டாக அப்பிக்கொள்வதாலோ, டிஸ்க் சற்றே கோணலாக அமர்ந்து ஒரு பக்கம் மட்டும் தேய்வதாலோ இது வரும். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபாடுகூட உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். கோணலுக்குக் காரணம் பல நேரங்களில் அற்பமானது: டிஸ்க் அமரும் ஹப்பின் முகத்தில் கடற்காற்றுத் துரு செதிலாக நிற்க, அதைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் அதன்மேல் புதிய டிஸ்க்கை மாட்டியிருப்பார்கள். எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. இரண்டு முறை லேத்துக்குப் போய்வந்து, மூன்றாம் முறை கழற்றியபோதுதான் ஹப்பில் நகக்கண் அளவு துரு கண்ணில் பட்டது.

ஆகவே லேத்துக்குப் போகுமுன் டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மீண்டும் மாட்டி, டயல் கேஜ் வைத்துக் கோணலைப் பார்க்கச் சொல்லுங்கள். வீல் போல்ட்டுகளை ஒரே அளவான முறுக்கில் இறுக்கச் சொல்லுங்கள். புதிய பேட்டை யாராவது பழக்கித் தந்தார்களா என்றும் கேளுங்கள். போக்குவரத்து இல்லாத விடியற்காலையில் 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை, முழுதும் நிறுத்தாமல், நிதானமான அழுத்தத்தில் பத்து முறை குறைத்து, பிறகு சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். இது சடங்கு அன்று. கலவையின் படலம் டிஸ்க் முழுவதும் சீராகப் படிவதற்கான வழி. சூடாக இருக்கும்போது சிக்னலில் பெடலை அழுத்தியபடியே நின்றால் பேட் தொட்ட இடத்தில் மட்டும் திட்டு படியும். லேசான திட்டு என்றால் இந்தப் பத்து அழுத்தலே அதைத் தேய்த்துச் சமன்படுத்திவிடுவதும் உண்டு.

கேள்வி: சோழவரம் பந்தயங்களைச் சிறுவனாகப் பார்த்தவன் நான். அன்று ஓடிய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரமும் டிரம் பிரேக்தானே? அவை மட்டும் எப்படித் தாங்கின?
— வாசகர், செங்குன்றம்

பதில்: தாங்கவில்லை என்பதே நேர்மையான பதில், ஓட்டியவர்கள்தாம் தாங்கிக்கொண்டார்கள். சோழவரம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் சடாரென்று திரும்ப வேண்டிய இடங்கள் இருந்தன, அங்கேதான் டிரம்முக்குச் சோதனை. டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகிப் போகும். ஒவ்வொரு முறையும் பெடல் முன்னைவிடக் கீழே இறங்கும், உள்ளே அடைபட்ட வெப்பத்துக்கும் வெளியேற வழி இல்லை. டிஸ்க்கோ சூடானால் பேட்டை நோக்கித்தான் தடிக்கும், இருபுறமும் காற்றுக்குத் திறந்தும் இருக்கிறது. அன்றைய ஓட்டுநர்கள் முன்கூட்டியே கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தை அடக்கினார்கள், பெடலை இரண்டு முறை மிதித்து ஷூவை நெருங்க வைத்தார்கள். தடம் 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிவிட்டது. உங்கள் வயதொத்த ஓட்டுநர் எவரையாவது சந்தித்தால் அந்த இரட்டை மிதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், கால் தானாக அசையும்.

கேள்வி: காசிமேடு துறைமுகத்துக்குத் தினமும் 150 சிசி பைக்கில் போகிறேன். உப்புத் தண்ணீரில் பிரேக் இரைகிறது. சின்டர்டு பேட் மாற்றலாமா?
— வாசகர், காசிமேடு

பதில்: நனைந்தாலும் சூடானாலும் சின்டர்டு பேட் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் அது உலோகத் தூளை அழுத்திச் செய்தது, உங்கள் டிஸ்க் அதற்கு ஏற்ற கடினம் உள்ளதா என்பதை வண்டிக் கையேட்டில் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். பைக்கின் டிஸ்க் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் வகை, காரின் வார்ப்பிரும்பு டிஸ்க்கைப் போல ஓரிரவில் துரு பூக்காது. உப்பு கெடுப்பது காலிப்பரைத்தான்: அது வழுக்கி நகர வேண்டிய பின்கள் இறுகிவிட்டால் ஒரு பக்க பேட் மட்டும் தேய்ந்து இரையும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்களைக் கழற்றித் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். மீன் எண்ணெயோ செயின் ஸ்பிரேயோ ஊறிய பேட்டை உப்புத்தாளில் தேய்த்துப் பயன்படுத்த வேண்டாம், தூக்கி எறிந்துவிடுங்கள்.